எபிரெயர் நிருபத்தை எழுதியது யார்? நீங்களே விசாரித்துப் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

வேதபாட வகுப்பில் இந்தக் கேள்வி வந்தால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் கிடைக்கும். ஒன்று, "பவுல்தான், இதில் என்ன சந்தேகம்?" இன்னொன்று, "அது யாருக்குமே தெரியாது, விடுங்க." இரண்டு பேருமே விசாரணையை ஆரம்பிக்காமலே முடித்துவிடுகிறார்கள் என்பது என் வருத்தம். ஏனென்றால் இதற்குள் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன: பவுல் எழுதினாரா என்பது ஒன்று, பவுல் இல்லையென்றால் வேறு யார் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஓரளவு திடமாகவே பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு முடியாது. பலரும் முதல் கேள்விக்கான சான்றுகளை இரண்டாவது கேள்வியில் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள், "வேறு ஆளைக் காட்ட முடியவில்லை அல்லவா, அப்போது பவுல்தான்" என்று முடித்துவிடுகிறார்கள். கீழே வருவது அந்த இரண்டையும் பிரித்து வைத்து ஒவ்வொரு படியாகப் பார்க்கும் வழி. கிரேக்கம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, தமிழ் வேதாகமத்தை வைத்தே முக்கால்வாசி தூரம் போய்விடலாம்.

தேவையானவை: சபைகளில் வழக்கமாக வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பு ஒன்று, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு மொழிபெயர்ப்பு (கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து கொண்டுவந்த 1995-ஆம் வருடத்துத் திருவிவிலியம் இதற்கு நல்லது), ஒரு நோட்டு. செசரியா பட்டணத்து யூசிபியஸ் நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய திருச்சபை வரலாறு கிடைத்தால் இன்னும் நல்லது, பழைய சாட்சிகளில் பாதிப் பேரின் வார்த்தைகளை அவர்தான் காப்பாற்றி வைத்திருக்கிறார்.

படி 1: தலைப்பைக் கையால் மூடிக்கொண்டு வாசியுங்கள்

நிஜமாகவே மூடிக்கொள்ளுங்கள். "எபிரெயருக்கு" என்ற தலைப்பு கடிதத்தின் உடம்பில் எங்கும் இல்லை. இன்று கிடைக்கும் மிகப் பழைய பிரதியிலேயே அது இருக்கிறது, ஆனாலும் எழுதியவரே வைத்த தலைப்பு என்று சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை, கடிதங்களைச் சேர்த்துத் தொகுத்தவர்கள் அடையாளத்துக்காக வைத்த பெயர் என்றே நினைக்கிறார்கள். பதின்மூன்று அதிகாரத்தையும் ஒரே மூச்சில் வாசித்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வாசிக்கும்போது எழுதியவர் தன்னைப்பற்றியும் வாசிப்பவர்களைப்பற்றியும் வாய்தவறிச் சொல்லிவிடுகிற இடங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், உபதேசத்தை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

உங்கள் நோட்டில் கிட்டத்தட்ட இவை வந்திருக்க வேண்டும். கடிதம் பெயரில்லாமல், வாழ்த்தில்லாமல், நேராகப் பிரசங்கம்போல ஆரம்பிக்கிறது. 13:22-இல் எழுதியவரே இதைப் "புத்திமதி" என்றுதான் சொல்கிறார். 13:19-இல் சீக்கிரமாக உங்களிடம் திரும்பி வர ஜெபம் செய்யுங்கள் என்கிறார், 13:23-இல் தீமோத்தேயு விடுதலையானான், அவன் சீக்கிரம் வந்தால் அவனோடு உங்களைப் பார்ப்பேன் என்கிறார். "அநாமதேயக் கடிதம்" என்று நாம் சொல்கிறோமே தவிர, வாங்கியவர்களுக்கு அது அநாமதேயம் இல்லை. யார் எழுதியது, எங்கிருந்து வருகிறது எல்லாம் அவர்களுக்குத் தெரியும். பெயர் தொலைந்துபோனது நமக்குத்தான். இதை மனதில் வைத்தால், "வேண்டுமென்றே பெயரை மறைத்தார்" என்று பின்னால் வரப்போகிற பல கதைகளைச் சந்தேகத்தோடு பார்க்கத் தோன்றும்.

வாசகர்களைப்பற்றி: அவர்கள் புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள் இல்லை, இந்நேரம் போதகராகியிருக்க வேண்டியவர்கள் (5:12). அவர்களை முதலில் நடத்தியவர்கள் காலமாகிவிட்டதுபோலத் தெரிகிறது (13:7). முன்னொரு காலத்தில் அவமானப்பட்டார்கள், சொத்தைப் பறிகொடுத்தார்கள் (10:32-34). ஆனால் இன்னும் இரத்தம் சிந்துமளவுக்கு எதிர்த்து நிற்க நேரவில்லை (12:4).

அப்புறம் 13:24, "இத்தாலியா தேசத்தார் உங்களுக்கு வாழ்த்துதல் சொல்லுகிறார்கள்." இதை வைத்து இத்தாலியிலிருந்து எழுதினார் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். வெளியூரில் இருக்கும் இத்தாலிக்காரர்கள் சொந்த ஊருக்கு வாழ்த்து அனுப்புவதாகவும் அந்தக் கிரேக்க வாக்கியத்தை எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது, காரணம் நான்காவது படியில்.

படி 2: எபிரெயர் 2:3-ஐயும் கலாத்தியர் 1:12-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

இந்த விசாரணையில் ஒரே ஒரு சான்றுக்குத்தான் இடம் என்றால் நான் இதைத்தான் வைப்பேன். எபிரெயர் 2:3-இல் எழுதியவர் இரட்சிப்பைப்பற்றிச் சொல்வது: "முதலாவது கர்த்தர் மூலமாய் அறிவிக்கப்பட்டு, பின்பு அவரிடத்தில் கேட்டவர்களாலே நமக்கு உறுதியாக்கப்பட்டதும்." அதாவது இயேசு சொன்னார், அதை நேரில் கேட்டவர்கள் நமக்குச் சொன்னார்கள், "நமக்கு" என்பதில் எழுதியவர் தன்னையும் சேர்த்துக்கொள்கிறார். அவர் தன்னை இரண்டாம் தலைமுறை ஆளாக வைத்துப் பேசுகிறார்.

கலாத்தியரில் பவுல் சுவிசேஷத்தைப்பற்றிச் சொல்வது: "நான் அதை ஒரு மனுஷனால் பெற்றதுமில்லை, மனுஷனால் கற்றதுமில்லை, இயேசுகிறிஸ்துவே அதை எனக்கு வெளிப்படுத்தினார்." பவுலுடைய அப்போஸ்தலப் பட்டத்தின் ஆதாரமே இதுதான். எருசலேமில் உள்ள மூத்தவர்களிடம் கற்றுக்கொண்டவன் என்று எதிரிகள் சொன்னபோது கோபம் கொப்பளிக்க மறுத்தவர், வேறொரு கடிதத்தில் போகிற போக்கில் "கேட்டவர்கள் எங்களுக்குச் சொன்னார்கள்" என்று எழுதுவாரா? சீர்திருத்தவாதியான கால்வின் 1549-இல் வெளிவந்த தம் உரையில் பவுல் இல்லை என்று சொன்னதற்கு இதையும் முக்கியக் காரணமாகக் காட்டினார், லூத்தருக்கும் இதே வசனம்தான் உறுத்தியது. "அது சபையாரோடு தன்னைச் சேர்த்துக்கொள்ளும் பணிவு" என்று ஒரு பதில் உண்டு. பணிவு பவுலுக்கு உண்டு, அப்போஸ்தலரில் தான் சிறியவன் என்றே சொல்லியிருக்கிறார். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் பணிந்ததாக எந்தக் கடிதத்திலும் பார்க்க முடியாது.

பவுலின் கையொப்பப் பழக்கத்தையும் இதோடு பாருங்கள். 2 தெசலோனிக்கேயர் 3:17-இல் "நிருபங்கள்தோறும் இதுவே அடையாளம்" என்று சொந்தக் கையெழுத்தை அடையாளமாகக் காட்டுகிறார். (அந்தக் கடிதத்தையே பவுல் எழுதினாரா என்று ஒரு சண்டை நடக்கிறது, அதனால் அதை மட்டும் வைத்து வழக்கை நடத்தாதீர்கள்.) பவுலின் பெயரில் உள்ள பதின்மூன்று கடிதங்களும் "பவுல்" என்ற சொல்லோடுதான் தொடங்குகின்றன. எபிரெயரில் அந்தப் பெயர் ஒரு தடவைகூட வருவதில்லை.

படி 3: நடையைப் பாருங்கள், ஆனால் அளவோடு

"நடை வேறு" என்று எல்லோரும் சொல்வார்கள். எப்படி வேறு என்று கேட்டால் பதில் வராது. எனவே ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு உற்றுப் பார்ப்போம்.

முதல் வசனத்தின் கிரேக்கத்தைத் தமிழ் எழுத்தில் எழுதினால் இப்படி வரும்: "போலிமெரோஸ் காய் போலித்ரோபோஸ் பாலாய்…" அதே வாக்கியத்தில் கொஞ்சம் தள்ளி "பத்ராசின்", "ப்ரொஃபேத்தாய்ஸ்". ஒரே வசனத்தில் ஐந்து சொற்கள் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன, அப்பட்டமான மோனை. நம் பழைய மொழிபெயர்ப்பின் "பங்குபங்காகவும் வகைவகையாகவும்" அந்த ஓசையைக் கொஞ்சம் பிடித்திருக்கிறது. முதல் நான்கு வசனங்களும் கிரேக்கத்தில் ஒரே வாக்கியம், எங்கும் தடுக்காமல் போய் முடிகிறது. பேச்சுக்கலை படித்த ஆளின் வேலை இது. பவுலை எடுத்துக்கொண்டால், ரோமர் 5:12-இல் "இப்படியாக…" என்று ஓர் ஒப்பீட்டைத் தொடங்கி, நடுவில் வேறொரு எண்ணம் வந்து, தொடங்கியதை முடிக்காமலே தாவிவிடுகிறார். சிந்தனை வேகத்துக்குக் கை ஈடுகொடுக்காத எழுத்து அது. "பேச்சிலே கல்லாதவன்" என்று 2 கொரிந்தியர் 11:6-இல் அவரே தன்னைப்பற்றிச் சொல்வதை அலெக்சந்திரியாவின் வேத அறிஞர் ஓரிஜன் மூன்றாம் நூற்றாண்டிலேயே இந்த விவாதத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்.

மேற்கோள் காட்டும் பழக்கமும் வேறு. "என்று எழுதியிருக்கிறதே" என்பது பவுலின் வழக்கமான வாசகம். எபிரெயரில் கடவுள் சொல்கிறார், பரிசுத்த ஆவியானவர் சொல்லுகிறார் (3:7), அல்லது வேடிக்கையாக, ஒருவன் ஓரிடத்திலே சாட்சி சொன்னான் (2:6) என்று வரும். அது எட்டாம் சங்கீதம் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது! ஆதியாகமத்தில் வரும் ஆசாரிய ராஜாவான மெல்கிசேதேக்கின் முறைமைப்படி இயேசு பிரதான ஆசாரியர் என்பதுதான் இந்தக் கடிதத்தின் முதுகெலும்பு, பவுலின் எந்தக் கடிதத்திலும் இயேசுவுக்கு அந்தப் பட்டம் இல்லை. பவுல் மூச்சுக்கு மூச்சு பேசும் உயிர்த்தெழுதல் இங்கே நேரடியாக வருவது 13:20-இல் மட்டும்தான்.

"அளவோடு" என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பவுல் எழுத்தர்களை வைத்து எழுதியவர், ரோமர் 16:22-இல் தெர்தியு என்கிற எழுத்தர் தன் பெயரையே நுழைத்துவிட்டார். எழுத்தர் மாறினால் நடை மாறலாம். நடை என்கிற ஒரே தூணில் வீடு கட்டாதீர்கள், இரண்டாவது படியின் சான்று நடை சம்பந்தப்பட்டது இல்லை என்பதால்தான் அதை முதலில் வைத்தேன்.

இதிலேயே ஒரு கிளை: "பவுல் எபிரெய மொழியில் எழுதினார், லூக்கா கிரேக்கத்துக்கு மாற்றினார், அதனால்தான் நடை வேறு." இதைச் சொன்னவர் அலெக்சந்திரியாவின் கிளமெந்து, இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில். இன்றும் பிரசங்கங்களில் கேட்கலாம். இதை நீங்கள் வீட்டில் உட்கார்ந்தே சோதிக்கலாம். எபிரெயர் 10:5-ஐத் திறங்கள்: "பலியையும் காணிக்கையையும் நீர் விரும்பவில்லை, ஒரு சரீரத்தை எனக்கு ஆயத்தம்பண்ணினீர்." அது சங்கீதம் 40:6-இன் மேற்கோள். அங்கே போய்ப் பாருங்கள்: "என் செவிகளைத் திறந்தீர்." சரீரம் எங்கே போனது? எபிரெய மூலத்தில் செவி. கிறிஸ்துவுக்கு முன்பே யூதர்கள் பயன்படுத்திய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் சரீரம். எழுதியவர் கிரேக்கத்தை எடுத்துக்கொண்டிருக்கிறார். சரி, மொழிபெயர்த்தவர் தனக்குப் பழக்கமான கிரேக்கச் சங்கீதத்தைப் போட்டுவிட்டார் என்று சொல்லலாமே என்றால், ஐந்து வசனம் தள்ளி 10:10-ஐப் பாருங்கள், "இயேசுகிறிஸ்துவினுடைய சரீரம் ஒரேதரம் பலியிடப்பட்டதினாலே" என்று அந்தச் சரீரத்தின் மேல்தான் வாதம் முழுவதும் நிற்கிறது. எபிரெய மூலத்தில் "செவி" என்று இருந்திருந்தால் வாதமே இருந்திருக்காது. ஆக இந்தக் கடிதம் பிறந்ததே கிரேக்கத்தில்தான். கிளமெந்தின் யோசனை இந்த இடத்தில் விழுந்துவிடுகிறது, எழுப்பி நிறுத்த யாரும் சரியான வழி சொல்லவில்லை.

படி 4: பழைய சாட்சிகளை ஊர்வாரியாகப் பிரியுங்கள்

பெரும்பாலானவர்கள் செய்வது, "கிளமெந்து பவுல் என்கிறார், தெர்த்துல்லியன் பர்னபா என்கிறார், ஓரிஜன் தெரியாது என்கிறார்" என்று ஒரே வரிசையில் அடுக்கிவிட்டுக் கையை விரிப்பது. நோட்டில் ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் கிழக்கு (எகிப்து, சீரியா பக்கம்), வலப்பக்கம் மேற்கு (ரோமாபுரி, கார்த்தேஜ்) என்று பிரித்து எழுதினால் படமே மாறிவிடும்.

மேற்கில் முதலில் வருபவர் ரோமாபுரியின் கிளமெந்து. அலெக்சந்திரியாக்காரர் வேறு, இவர் வேறு, பெயர் ஒன்று என்பதால் பலர் தடுக்கி விழும் இடம் இது. ஏறக்குறைய 96-ஆம் ஆண்டில் ரோமாபுரி சபை கொரிந்து சபைக்கு அனுப்பிய கடிதம் இவருடையது என்பார்கள், அதன் 36-ஆம் அதிகாரத்தில் எபிரெயர் முதல் அதிகாரத்தின் வாசகங்கள் வருகின்றன. அதாவது இந்த நிருபம் முதன்முதலில் புழங்கியதாக நமக்குத் தெரிகிற ஊர் ரோமாபுரி. எழுதியவர் பெயரை அவர் சொல்லவில்லை. அப்புறம் அதே ரோமாபுரியில் ஏறக்குறைய 200-இல் இருந்த காயு என்பவர் பவுலின் கடிதங்கள் பதின்மூன்று என்று கணக்கிட்டு எபிரெயரை விட்டுவிட்டார் என்கிறார் யூசிபியஸ். மிலானில் கண்டெடுக்கப்பட்ட, புதிய ஏற்பாட்டு நூல்களின் பழைய பட்டியலான முரத்தோரியன் பட்டியலிலும் எபிரெயர் இல்லை.

தெர்த்துல்லியன் விஷயம் இன்னும் சுவையானது. கார்த்தேஜில் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பெரும் பாவம் செய்தவர்களைச் சபை திரும்பச் சேர்க்கக் கூடாது என்று அவர் ஒரு நூல் எழுதுகிறார். மறுதலித்தவர்களை மனந்திரும்புதலுக்கு ஏதுவாகத் திரும்பப் புதுப்பிக்க முடியாது என்கிற எபிரெயர் 6:4-6 அவருக்கு அல்வா மாதிரியான வசனம். அதை எடுத்துக் காட்டும்போது "பவுல் சொல்கிறார்" என்றால் எதிராளி வாயடைத்துப் போவார். ஆனால் அவர் "பர்னபாவின் கடிதம்" என்கிறார், அதோடு பர்னபா பவுலுக்குப் பக்கத்தில் வைக்கத்தக்கவர் என்று சிபாரிசும் செய்கிறார். தன் வாதத்துக்கு லாபமாக இருந்தும் பவுல் பெயரை அவர் எடுக்கவில்லை என்றால், அவர் பகுதியில் அந்தப் பெயர் வழங்கவில்லை என்றுதான் அர்த்தம். சாட்சிகளில் இப்படிச் சொந்த நலனுக்கு எதிராகப் பேசுகிறவரின் சொல்லுக்கு எடை அதிகம்.

கிழக்கில் நிலைமை நேர்மாறு. அலெக்சந்திரியாவில் பவுல் என்றே நினைத்தார்கள், ஆனால் ஏன் பெயர் இல்லை என்பதற்குக் காரணம் தேடிக்கொண்டே இருந்தார்கள். கிளமெந்து தன் குரு ஒருவரின் விளக்கத்தைச் சொல்கிறார் (இந்தியாவுக்குப் போய் வந்ததாக யூசிபியஸ் எழுதுகிறாரே, அந்தப் பந்தேனஸ்தான் இவர் என்று கருதப்படுகிறது): எபிரெயருக்கு அப்போஸ்தலர் கர்த்தரே, அதனால் பவுல் மரியாதைக்காகப் பெயர் போடவில்லை. கிளமெந்தின் சொந்த விளக்கம்: எபிரெயருக்கு பவுல்மேல் சந்தேகம், பெயரைப் பார்த்ததும் கடிதத்தை ஒதுக்கிவிடுவார்கள் என்று போடவில்லை. ஒரே கேள்விக்கு குருவும் சீடனும் வெவ்வேறு காரணம் சொல்கிறார்கள் என்றால், அவர்கள் கையில் இருந்தது பரம்பரையாக வந்த தகவல் இல்லை, ஊகம். முதல் படியில் பார்த்தபடி வாசகர்களுக்கு ஆள் யாரென்று தெரியும் என்பதால் இரண்டு ஊகங்களுமே நிற்பதில்லை.

ஓரிஜனின் "எழுதியது யார் என்பதைக் கடவுளே அறிவார்" என்கிற வாக்கியத்தை எல்லோரும் பாதியாகத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். முழுதாகப் பார்த்தால், கருத்துகள் அப்போஸ்தலனுடையவை, சொல்லும் அமைப்பும் அவர் போதனையை நினைவில் வைத்து எழுதிய வேறொருவருடையவை, அந்த ஆள் ரோமாபுரியின் கிளமெந்து என்று சிலரும் லூக்கா என்று சிலரும் சொல்கிறார்கள் என்கிறார். தம் பிரசங்கங்களில் மற்ற நேரங்களில் சாதாரணமாகப் பவுல் பெயரிலேயே இதை மேற்கோள் காட்டவும் செய்கிறார். "ஓரிஜன் கையை விரித்துவிட்டார்" என்பதும் தவறு, "ஓரிஜன் பவுல் என்றார்" என்பதும் தவறு.

பிரதிகளையும் கிழக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எகிப்தில் கிடைத்த, ஏறக்குறைய 200-ஆம் ஆண்டைச் சேர்ந்த பாப்பிரஸ் 46 என்னும் கையெழுத்துப் புத்தகத்தின் 86 தாள்கள் மிஞ்சியிருக்கின்றன, 56 டப்ளினில், 30 மிச்சிகன் பல்கலைக்கழகத்தில். அதில் எபிரெயர், ரோமருக்கு அடுத்தபடியாகவே இருக்கிறது. நான்காம் நூற்றாண்டின் வத்திக்கான் பிரதியில் எபிரெயர் 2 தெசலோனிக்கேயருக்குப் பிறகு வருகிறது. ஆனால் அதன் ஓரத்தில் உள்ள பகுதி எண்களைப் பாருங்கள், கலாத்தியர் 58-இல் முடிகிறது, அடுத்து வரும் எபேசியர் 70-இல் தொடங்குகிறது. நடுவில் 59 எங்கே? தள்ளிப்போய் எபிரெயரின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. பார்த்து எழுதியவர் முன்னால் இருந்த பழைய பிரதியில் எபிரெயர் கலாத்தியருக்கும் எபேசியருக்கும் நடுவில் இருந்திருக்கிறது, இவர் இடத்தை மாற்றினார், எண்ணை மாற்ற மறந்தார் (அல்லது சோம்பல்). எல்லோரும் பவுல் கட்டுக்குள்தான் வைத்தார்கள், ஆனால் கட்டுக்குள் எந்த இடம் என்பதில் ஒற்றுமை இல்லை.

கோட்டின் இருபக்கமும் இப்போது பாருங்கள். கடிதம் முதலில் தென்படும் ஊரான ரோமாபுரி, நூறு வருஷத்துக்கும் மேல் அதைப் பவுலுடையது என்று சொல்லவில்லை. பவுல் கடைசியாக இருந்த ஊரும் அதுவே. அங்கே தெரியாத விஷயம் அலெக்சந்திரியாவுக்கு மட்டும் தெரிந்திருந்தது என்று நம்ப எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. "இத்தாலியா தேசத்தார்" வாழ்த்து சொந்த ஊருக்குப் போகிறது என்று முதல் படியில் நான் சாய்ந்ததும் இதனால்தான்.

படி 5: பவுல் பெயர் எப்போது ஒட்டியது என்று தேதி போடுங்கள்

இதை வேகமாகப் பார்த்துவிடலாம். 367-இல் அலெக்சந்திரியாவின் அத்தநாசியு பவுலின் கடிதங்கள் பதினான்கு என்று எழுதினார். 397-இல் கார்த்தேஜ் சங்கம் "பவுலின் கடிதங்கள் பதின்மூன்று, அவரே எபிரெயருக்கு எழுதியது ஒன்று" என்று ஒரு மாதிரியாகப் பிரித்துச் சொன்னது. அதே ஊரில் 419-இல் அது "பதினான்கு" ஆகிவிட்டது. அந்த இருபத்திரண்டு வருஷத்தில் புதுச் சான்று எதுவும் கிடைக்கவில்லை, தயக்கம் மட்டும் போய்விட்டது. வேதாகமத்தை லத்தீனுக்கு மாற்றிய ஜெரோம் 414-இல் எழுதிய கடிதத்தில் லத்தீன் சபைகள் இதை ஏற்பதில்லை என்பதை ஒப்புக்கொண்டு, யாருடையதாக இருந்தாலும் பரவாயில்லை, தினமும் சபைகளில் வாசிக்கப்படுகிறது என்று முடித்தார். அகஸ்டினும் போகப்போகப் பவுல் பெயரைச் சொல்லாமல் "எபிரெயருக்கு எழுதிய நிருபம்" என்று மட்டும் சொல்லத் தொடங்கினார்.

ஆயிரம் வருஷம் கழித்து எராஸ்மஸும் கர்தினால் கயெத்தானும் மறுபடி கிளறினார்கள். லூத்தர் 1522-ஆம் வருட ஜெர்மன் புதிய ஏற்பாட்டில் எபிரெயர், யாக்கோபு, யூதா, வெளிப்படுத்தல் நான்கையும் கடைசியில் தள்ளி, பொருளடக்கத்தில் எண்கூடக் கொடுக்கவில்லை. 1546-இல் கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் பதினான்கு என்றது. 1611-ஆம் வருட ஆங்கில வேதாகமம் தலைப்பிலேயே பவுல் பெயரைப் போட்டது. நம் பாட்டி தாத்தாக்கள் "பவுலப்போஸ்தலன் எபிரெயருக்கு எழுதின…" என்று சொல்லிப் பழகியதெல்லாம் இந்த வழியாக வந்ததுதான்.

இந்தப் படியில் ஒரு சின்ன சோதனையும் செய்யுங்கள். 10:34-ஐப் பழைய மொழிபெயர்ப்பில் பார்த்தால், எழுதியவர் கட்டப்பட்டிருந்தபோது வாசகர்கள் அவருக்காகப் பரிதபித்தார்கள் என்று இருக்கும். உடனே சிறையில் இருந்த பவுல் நினைவுக்கு வருவார். திருவிவிலியத்தில் பார்த்தால் "என்" கட்டுகள் இல்லை, சிறைப்பட்டவர்களைப்பற்றிப் பொதுவாக இருக்கும். கிரேக்கத்தில் "கட்டுகள்" என்பதற்கும் "கட்டப்பட்டவர்கள்" என்பதற்கும் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம், நல்ல பழைய பிரதிகள் சில இரண்டாவதைத்தான் சொல்கின்றன. பவுல் பெயர் ஒட்டிக்கொள்ள இப்படிப்பட்ட இடங்களும் உதவியிருக்கின்றன.

படி 6: மற்ற வேட்பாளர்களை ஒவ்வொருவராக நிறுத்துங்கள்

ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்வி: பழைய சாட்சி யாராவது இருக்கிறார்களா? ஒப்பிட்டுப் பார்க்க அவர் எழுதியது வேறு ஏதாவது இருக்கிறதா? கடிதத்தில் அவருக்கு எதிராக ஏதாவது இருக்கிறதா?

அப்பொல்லோ. இன்று அதிகம் பேருக்குப் பிடித்தவர் இவர்தான். லூத்தர் முன்மொழிந்தார். அப்போஸ்தலர் 18:24 அவரை அலெக்சந்திரியாவில் பிறந்தவர், சாதுரியவான், வேதாகமங்களில் வல்லவர் என்கிறது, பவுல் வட்டத்திலும் இருந்தவர். அச்செடுத்ததுபோலப் பொருந்துகிறது. ஆனால் முதல் இரண்டு கேள்விக்கும் பூஜ்யம். அவர் எழுதிய ஒரு வரிகூட இல்லை. பதினாறாம் நூற்றாண்டுக்கு முன் எவரும் அவர் பெயரைச் சொன்னதாகத் தெரியவில்லை. சொந்த ஊர்க்காரர்களான கிளமெந்தும் ஓரிஜனும் யார் யாரையோ யோசித்தவர்கள், தங்கள் ஊர்ப் பையனை மட்டும் மறந்தா போனார்கள்? எனக்கு இது பெரிய தடை.

பர்னபா. பழைய சாட்சி உண்டு, தெர்த்துல்லியன். லேவியர், சீப்புருத் தீவுக்காரர் (அப்போஸ்தலர் 4:36), ஆசாரியத்துவத்தைப்பற்றி அக்கறைப்பட நியாயம் உண்டு. எதிராக: லேவியர் ஒருவர் 9:4-இல் பொன்தூபகலசத்தை மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் வைப்பாரா? தூபபீடம்தான் அங்கே குறிக்கப்படுகிறது என்றால் அது திரைக்கு வெளியே இருந்தது. எழுதியவர் எருசலேம் தேவாலயத்தைப்பற்றிப் பேசவே இல்லை, யாத்திராகமத்தின் ஆசரிப்புக் கூடாரத்தைப்பற்றித்தான் பேசுகிறார், அது புத்தகத்தில் படித்த அறிவுபோலவே இருக்கிறது. (பர்னபா பெயரில் இன்னொரு பழைய நிருபம் உண்டு, அது அவருடையது இல்லை என்பதில் இன்று பெரிய சண்டை இல்லை, அதை வைத்து ஒப்பிட வேண்டாம்.)

லூக்கா. நடை நெருக்கம் உண்மை, ஒப்பிட இரண்டு பெரிய நூல்கள் இருக்கின்றன. ஆனால் நல்ல கிரேக்கம் எழுதிய இரண்டு பேர் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்று இல்லை, ஆசாரிய உபதேசம் லூக்காவின் நூல்களில் எங்கும் தலைகாட்டவும் இல்லை.

ரோமாபுரியின் கிளமெந்து. அவர் கடிதத்தை எபிரெயரோடு சேர்த்து ஒரு பக்கம் வாசித்தாலே போதும், கிளமெந்து எபிரெயரை எழுதியவரிடம் கடன் வாங்குகிறார் என்று தெரிந்துவிடும்.

பிரிஸ்கில்லா. 1900-இல் ஜெர்மன் இறையியல் அறிஞர் அதோல்ஃப் ஹார்னாக் முன்வைத்தார், பெண் என்பதால் பெயர் அமுக்கப்பட்டது என்பது வாதம். கேட்க விறுவிறுப்பாக இருக்கிறது, பெயர் தொலைந்ததற்குக் காரணமும் கிடைத்துவிடுகிறது. இடிப்பது 11:32. "நான் விவரஞ்சொல்லவேண்டுமானால் காலம்போதாது" என்கிற இடத்தில் கிரேக்கம் ஆண்பால் வடிவத்தில் இருக்கிறது. தமிழில் "நான்" என்றால் ஆணா பெண்ணா தெரியாது, கிரேக்கத்தில் இங்கே தெரிகிறது. பின்னால் யாரோ மாற்றினார்கள் என்றால் மாறாத ஒரு பிரதியாவது காட்ட வேண்டும், அப்படி ஒன்றும் இல்லை.

என் கணக்கில் ஒருவரும் தேறவில்லை. அழுத்திக் கேட்டால் பர்னபாவுக்கு ஒரு சாட்சியாவது இருக்கிறதே என்பேன், அதற்கு மேல் போகமாட்டேன். பெயர் பதிவாகாத ஒரு போதகராகவும் இருக்கலாம். முதல் நூற்றாண்டில் நன்றாகப் பேசத் தெரிந்த எல்லோருடைய பெயரும் அப்போஸ்தலர் நடபடிகளில் வந்திருக்க வேண்டும் என்று சட்டமா?

படி 7: காலத்தை ஒரு எல்லைக்குள் அடைத்துவிட்டு முடிவை எழுதுங்கள்

மேல் எல்லை, ரோமாபுரிக் கடிதம் இதை எடுத்தாள்கிற ஏறக்குறைய 96. கீழ் எல்லை, இரண்டாம் தலைமுறை என்று எழுதியவரே சொல்வது, தீமோத்தேயு இன்னும் பயணம் செய்கிற நிலையில் இருப்பது. எருசலேம் தேவாலயம் 70-இல் இடிந்ததை இவர் சொல்லவில்லை, பலிகள் நடந்துகொண்டிருப்பதுபோலப் பேசுகிறார், எனவே 70-க்கு முன் என்று பலர் வாதிடுகிறார்கள். நல்ல வாதம், ஆனால் தேவாலயம் இடிந்த பிறகு எழுதிய ரோமாபுரியின் கிளமெந்தும் யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸும் அப்படியே நிகழ்காலத்தில்தான் பேசுகிறார்கள், அதனால் இதை உறுதியென்று எழுதாமல் "வாய்ப்பு அதிகம்" என்று எழுதுங்கள்.

முடிவை இரண்டு வாக்கியமாகவே எழுதுங்கள், ஒன்றாகச் சேர்க்காதீர்கள். முதலாவது: 2:3-ஐயும், கிரேக்கத்திலேயே பிறந்த வாதத்தையும், ரோமாபுரியின் மௌனத்தையும் வைத்துப் பார்த்தால் எழுதியவர் பவுல் இல்லை. இரண்டாவது: அவர் பவுலின் வட்டத்தைத் தெரிந்த, கிரேக்க வேதத்தில் ஊறிய, பேச்சுக்கலை கற்ற யூதக் கிறிஸ்தவர் ஒருவர், பெயர் நம்மிடம் இல்லை. வகுப்பில் யாராவது "அப்போ இது வேதம் இல்லையா?" என்று கேட்பார்கள். கேட்பார்கள், நிச்சயம். ஜெரோம் சொன்ன பதிலைச் சொல்லுங்கள், பவுல் பெயர் இல்லாமலே ஏற்றுக்கொண்டவர் அவர்.

இதே முறையில் அடுத்து 2 பேதுருவைச் சோதிக்க ஆசைப்பட்டால் ஒரு எச்சரிக்கை. எபிரெயரில் பெயர் இல்லை, நாம் தவறாக ஒட்டினோமா என்பதுதான் கேள்வி. 2 பேதுரு முதல் வசனத்திலேயே "சீமோன் பேதுரு" என்று பெயர் சொல்கிறது. அங்கே கடிதமே கொடுக்கிற வாக்குமூலத்தைச் சோதிக்க வேண்டியிருக்கும், ஆகவே முதல் படியில் தலைப்பை மூடினால் மட்டும் போதாது, முதலில் யூதா நிருபத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டாம் அதிகாரத்திலிருந்து தொடங்குங்கள்.